துப்பாக்கி சொல்லும் சாட்சி

இரத்தினபுரி மாவட்டத்தின் தென்மேற்குப் பகுதியில், சிங்கராஜ வனத்திற்கு அண்மையில் அமைந்திருக்கிறது கலவான. மழை மிகுந்த ஊர். மலைச்சரிவுகளில் தேயிலையும் றப்பரும் செழித்திருக்க, பள்ளத்து வயல்களின் ஓரத்தில் மாணிக்கக் குழிகள் வாய் திறந்து கிடக்கும். குழியிலிருந்து எடுத்த சரளைமண்ணைக் கூடையிலிட்டு நீரில் அரித்து, எஞ்சியதைக் கைவிரலால் துழாவிக் கல் தேடுவது இப்பகுதி மக்களின் நெடுநாளைய தொழில்.

இங்கே கல் விற்க வருபவர், கல்லுடன் ஒரு கதையையும் கொண்டுவருவதுண்டு. இன்ன குழியில், இன்ன ஆழத்தில் கிடைத்தது என்பார். முன்னொரு காலத்தில் இதன் உடன்பிறந்த கல் பெருவிலைக்குப் போயிற்று என்பார். அனுபவம் வாய்ந்த வணிகர் அதனைப் பொறுமையாகக் கேட்பார். ஆனால் விலை கூறுமுன் கல்லைப் பகல் ஒளியில் ஏந்தி, அதன் நிறத்தையும் உள்ளிருக்கும் கோடுகளையும் புள்ளிகளையும் தம் கண்ணாலேயே பார்ப்பார். கதை விற்பவருடையது, சாட்சி கல்லினுடையது.

இந்த இரத்தினக் கண் தேவைப்படும் இன்னொரு துறை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பழைய ரிவோல்வர்களைத் தேடித் தொகுப்பதே அது. நாணயமும் தபால் முத்திரையும் தொகுப்போரை நேயர்கள் அறிவார்கள். மேல்நாடுகளில் பழைய துப்பாக்கிகளைத் தொகுப்போரும் பல்லாயிரவர். அவர்கள் தொகுப்பது இரும்பு மட்டுமன்று. ஒரு நூற்றாண்டின் கைத்திறனையும், வணிகத்தையும், வன்முறையையும் ஒருங்கே தொகுக்கின்றனர். இத்துறையின் பயனையும் அபாயத்தையும் விளங்கிக்கொள்ளச் சப்ரகமுவ மாகாணத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது.

கொழும்பிலிருந்து கண்டிக்குச் செல்லும் பெருவழியில், கேகாலை மாவட்டத்து மாவனல்லைக்கு அருகே உத்துவன்கந்தை என்னும் குன்று நிமிர்ந்து நிற்கிறது. அக்குன்றைப் புகலிடமாகக் கொண்டு வழிப்பறி செய்தவன் சரதியல். செல்வரிடம் பறித்து வறியவர்க்கு வழங்கியவன் என்று பாட்டிலும் நாடகத்திலும் திரைப்படத்திலும் அவன் இன்றுவரை வாழ்கிறான். 1864ஆம் ஆண்டு மார்ச் மாதம் 21ஆம் நாள் மாவனல்லையில் ஒரு வீட்டில் மறைந்திருந்த அவனையும் அவன் தோழன் மம்மாலே மரிக்காரையும் பொலிசார் சூழ்ந்தனர். துப்பாக்கிகள் வெடித்தன. துவான் சபான் என்னும் பொலிஸ் உத்தியோகத்தர் குண்டு பட்டு இறந்தார். சரதியலும் மரிக்காரும் பிடிபட்டு, அதே ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் கண்டியில் தூக்கிலிடப்பட்டனர். கடமையில் உயிர்நீத்த முதற் பொலிஸ் உத்தியோகத்தராகச் சபான் மதிக்கப்படுகிறார். மார்ச் 21ஆம் நாளே இலங்கையில் பொலிஸ் வீரர் தினமாக அனுட்டிக்கப்படுகிறது.

இத்தகைய புகழ் பெற்ற கதை நிலவும் நாட்டில், பழைய வீடொன்றின் பெட்டகத்திலிருந்து துருவேறிய ரிவோல்வர் ஒன்று வெளிப்படுவதாகக் கொள்வோர் கொள்ளலாம். “இது சரதியலின் துப்பாக்கி” என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அதன் விலை பன்மடங்கு உயர்ந்துவிடும். அந்தச் சொல்லை நம்புவதா, தள்ளுவதா? இவ்வினாவுக்கு விடை காணும் முறைதான் தொகுப்போரின் கல்வி.

முதலில் ரிவோல்வர் எது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கையில் ஏந்திச் சுடுவதெல்லாம் ரிவோல்வர் ஆகிவிடாது. ஐந்து அல்லது ஆறு அறைகள் குடைந்த ஓர் உருளை, ஒரு சூட்டுக்கும் அடுத்த சூட்டுக்கும் இடையே சுழன்று, ஒவ்வோர் அறையையும் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்தினால் அது ரிவோல்வர். 1911ஆம் ஆண்டு மணியாச்சி நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பிரௌனிங் வகைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியால். அது ரிவோல்வரைச் சேர்ந்ததன்று, அதற்குப் பின் வந்த தலைமுறையைச் சேர்ந்தது.

சுழலும் உருளை என்னும் கருத்து மிகப் பழையது. 1818ஆம் ஆண்டில் எலிஷா கோலியர் என்னும் அமெரிக்கர் இலண்டனில் இத்தகைய துப்பாக்கி ஒன்றுக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். அது சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பிச் சுடுவது. ஒவ்வொரு முறையும் உருளையைக் கையாலேயே திருப்ப வேண்டும். அதனைப் பெருவழக்குக்குக் கொண்டுவந்த பெயர் சாமுவேல் கோல்ற். 1814இல் பிறந்த இவர், 1830இல் பதினாறு வயதுச் சிறுவனாக, பொஸ்ரன் துறைமுகத்திலிருந்து கல்கத்தாவை நோக்கிச் சென்ற ‘கோர்வோ’ என்னும் பாய்க்கப்பலில் ஏறினார். அந்தப் பயணத்தின்போதுதான் மரத்துண்டைச் செதுக்கித் தம் ரிவோல்வரின் முதல் மாதிரியைச் செய்தார் என்பது வரலாறு. சுக்கான் சக்கரம் சுழன்று ஆரங்கள் ஒவ்வொன்றாக நிலைகொள்வதைக் கண்டு அக்கருத்து உதித்தது என்பது அவரைப் பற்றி வழங்கும் கதை. எவ்வாறாயினும், சுத்தியலைப் பின்னிழுக்கும் அதே அசைவினால் உருளை தானே திரும்பி நிலைகொள்ளும்படி செய்தது அவருடைய அருஞ்செயல். அமெரிக்காவில் 1836ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள் அதற்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது.

கோல்றின் முதல் தொழிற்சாலை 1842இல் மூடப்பட்டது. 1847இல் மெக்சிக்கோப் போருக்காகச் செய்யப்பட்ட ‘வோக்கர்’ மாதிரியே அவரை மீண்டும் நிலைநிறுத்தியது. ஏறத்தாழ 1,100 மட்டுமே செய்யப்பட்ட அந்த மாதிரி, இரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ளது. இன்று தொகுப்போர் கனவு காணும் பொருள். 1851இல் இலண்டனில் நடைபெற்ற மாபெரும் கண்காட்சியில் கோல்ற் தம் ரிவோல்வர்களைக் காட்சிக்கு வைத்தார். பின்னர் 1853இல் இலண்டன் பிம்லிக்கோவில் ஒரு தொழிற்சாலையையே திறந்தார். அது சில ஆண்டுகளே நடந்தது.

அக்கண்காட்சி நடந்த அதே 1851இல் ரொபேட் அடம்ஸ் என்னும் ஆங்கிலேயர் போட்டியாக ஒரு ரிவோல்வரை வெளியிட்டார். கோல்றில் சுத்தியலைக் கட்டைவிரலால் இழுத்த பின்பே விசையை அழுத்த வேண்டும். அடம்ஸில் விசையை அழுத்தினாலே சுத்தியல் எழுந்து விழும். 1856இல் போமொன்ற் என்னும் படையதிகாரி இவ்விரு முறைகளையும் ஒன்றாக்கினார். பிரித்தானியப் படை அதனை ஏற்றுக்கொண்டது. பேர்மிங்காமைச் சேர்ந்த வில்லியம் திரான்ரர் ஒரு புதுமை செய்தார்: இரண்டு விசைகள். கீழ்விசை சுத்தியலை எழுப்பி உருளையைத் திருப்பும், மேல்விசை சுடும்.

இவையெல்லாம் முதற் பருவத்தைச் சேர்ந்தவை. உருளையின் ஒவ்வோர் அறையிலும் வெடிமருந்தையும் ஈயக் குண்டையும் முன்புறமாக இட்டுக் கெட்டித்து, பின்புற முலைகளில் கேப்பு எனப்படும் சிறு செப்புக் குப்பிகளைப் பொருத்த வேண்டும். சுத்தியல் கேப்பில் விழ, பொறி எழுந்து மருந்து பற்றும். ஆறு முறை சுட்ட பின் மீண்டும் நிரப்புவது நேரம் பிடிக்கும் வேலை.

இரண்டாம் பருவம் உலோகத் தோட்டாவின் பருவம். பிரான்சில் லெஃபோஷே குடும்பத்தார் செய்த தோட்டாவின் பக்கவாட்டில் ஒரு சிறு ஊசி துருத்திக்கொண்டிருக்கும். சுத்தியல் அந்த ஊசியில் அடிக்கும். 1854இல் வெளிவந்த இவ்வகை ரிவோல்வரைப் பிரெஞ்சுக் கடற்படை 1858இல் ஏற்றது. அமெரிக்காவில் ரோலின் வைற் என்பவர், அறைகளை முன்னிருந்து பின்வரை முற்றாகக் குடைந்த உருளைக்கு 1855இல் உரிமை பெற்றார். அவ்வுரிமையைப் பயன்படுத்தி சிமித், வெசன் என்னும் இருவர் 1857இல் தம் சிறு ரிவோல்வரை வெளியிட்டனர். அந்த உரிமை 1869இல் முடியும்வரை மற்ற அமெரிக்க நிறுவனங்கள் காத்திருக்க நேர்ந்தது. அதன் பின்னரே கோல்ற் நிறுவனத்தின் புகழ்பெற்ற 1873ஆம் ஆண்டு மாதிரி பிறந்தது. மூன்றாம் பருவத்தில், நடுவில் கீல் வைத்து மடித்துத் திறக்கும் துப்பாக்கிகள் பரவின. திறந்தவுடன் வெறுந் தோட்டாக்கள் தாமே வெளியே தள்ளப்படும். பிரித்தானியப் படை 1887இல் ஏற்ற வெப்ளி ரிவோல்வர் இவ்வகையினது.

இனி, பெட்டகத்துத் துப்பாக்கிக்குத் திரும்பலாம். சரதியல் தூக்கிலிடப்பட்டது 1864இல். கையிலுள்ளது பிரித்தானியப் படை 1887இல் ஏற்ற அந்த வெப்ளியாயின், அது அவன் இறந்து இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்துப் பிறந்தது. கோல்றின் 1873 மாதிரியாயின், ஒன்பது ஆண்டுகள் பிந்தியது. கதை அங்கேயே முறிந்துவிடும். அதனை எத்தனை தலைமுறையினர் எத்தனை உறுதியோடு சொல்லிவந்திருந்தாலும், இரும்பு அதற்கு உடன்படவில்லை.

மாதிரியைக் கொண்டு தீர்மானிக்க இயலாதவிடத்துச் சிறு குறிகள் உதவும். எந்தத் துப்பாக்கியும் விற்பனைக்கு வருமுன் மிகுதியான மருந்திட்டுச் சுட்டுச் சோதிக்கப்பட வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். சோதனையில் வெடிக்காமல் நின்றதற்கு அடையாளமாக முத்திரை குத்தப்படும். பேர்மிங்காமில் இத்தகைய சோதனை நிலையம் 1813இல் பாராளுமன்றச் சட்டத்தின்படி நிறுவப்பட்டது. முடியின் கீழ்க் குறுக்காக வைத்த இரு செங்கோல்கள் அதன் பழைய முத்திரை. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் கோல்ற், வெப்ளி முதலியவற்றைப் பார்த்து மலிவாகச் செய்த ரிவோல்வர்கள் ஏராளம். அங்கே ஈ, எல், ஜி என்னும் மூன்று எழுத்துகள் ஒரு நீள்வட்டத்துள் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த நீள்வட்டத்தின் மேல் ஒரு முடி சேர்ந்தது 1893ஆம் ஆண்டிலிருந்து. கடுகளவான அந்த முடி இருக்கிறதா இல்லையா என்பதை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்த மாத்திரத்தில், ஒரு துப்பாக்கியின் காலம் முப்பது ஆண்டுகள் முன்னோ பின்னோ நகர்ந்துவிடும்.

கோல்ற் ரிவோல்வர்களின் சட்டம், குழல், உருளை, விசைக்காப்பு முதலிய உறுப்புகளில் ஒரே இலக்கம் பொறிக்கப்பட்டிருக்கும். இலக்கங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தினால், அத்துப்பாக்கி தொழிற்சாலையை விட்டு வெளிவந்தபோது எவ்வாறிருந்ததோ அவ்வாறே இருக்கிறது என்று கொள்ளலாம். பொருந்தாவிடின், இடையில் எவரோ உறுப்பை மாற்றியிருக்கிறார். 1851 மாதிரியின் உருளையைச் சுற்றி ஒரு கடற்போர்க் காட்சி மென்மையாகச் செதுக்கப்பட்டிருக்கும். 1843ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள் நிகழ்ந்த போர் என்று அதில் எழுதியும் இருக்கும். அக்காட்சி தேயாமல் எஞ்சியிருக்கும் அளவைக்கொண்டே தொகுப்போர் துப்பாக்கியின் தரத்தை மதிப்பர்.

எல்லாச் சோதனைகளிலும் தேறிய, 1864க்கு முற்பட்ட ஒரு ரிவோல்வரே கையில் இருப்பதாக வைத்துக்கொண்டாலும், அது சரதியலுடையது என்பது நிரூபணமாகிவிடாது. ‘இருந்திருக்கக்கூடும்’ என்பதற்கும் ‘இருந்தது’ என்பதற்கும் இடையிலுள்ள தூரம் மிகப் பெரிது. பாரிஸ் நகர ஏலங்கள் இரண்டு இதனை நன்கு விளக்கும். ஓவியர் வின்சென்ற் வான்கோ 1890இல் ஓவேர் என்னும் பிரெஞ்சுக் கிராமத்தில் குண்டுக் காயத்தால் இறந்தார். அவ்வூர் வயலொன்றில், 1960களில் ஓர் உழவர் துருப்பிடித்த லெஃபோஷே ரிவோல்வர் ஒன்றைக் கண்டெடுத்தார். துப்பாக்கியின் அளவு பொருந்தியது; அது மண்ணில் கிடந்த காலமும் பொருந்தியது. எனினும் அதுவே அந்தத் துப்பாக்கி என்று அறுதியிட்டுக் கூற எவராலும் இயலவில்லை. 2019இல் அது 1,62,500 யூரோவுக்கு விலைபோயிற்று. கவிஞர் வெர்லேன் 1873இல் பிரசல்ஸ் நகரில் தம் நண்பர் ரிம்போவைச் சுட்ட ரிவோல்வரோ, அதே லெஃபோஷே வகையினதாயினும், 2016இல் 4,34,500 யூரோ பெற்றது. வெர்லேன் வழக்குக்கு நீதிமன்றப் பதிவுகள் இருந்தன. பொருளும் பதிவும் சேர்ந்து நின்றால் மதிப்பு. பொருள் தனித்து நின்றால் ஐயம்.

அமெரிக்காவில் ‘பில்லி த கிட்’ என்னும் கொள்ளையனை 1881இல் ஷெரிஃப் பற் காரெற் சுட்டு வீழ்த்திய கோல்ற், 2021இல் அறுபது இலட்சம் டொலருக்கு மேல் விற்றது. அது கைமாறிய வரலாறு படிப்படியாக ஏட்டில் இருந்ததே அவ்விலைக்குக் காரணம். ஆதலால் உண்மையான தொகுப்பாளர், பொருளை வாங்கும் அன்றே ஒரு குறிப்பேட்டைத் திறக்கிறார். எங்கிருந்து வந்தது, எவரிடமிருந்து வந்தது, எந்த இலக்கம், எந்த முத்திரை என்பனவற்றை எழுதி வைக்கிறார். கேட்ட கதையையும் எழுதுகிறார். ஆனால் கதை என்று குறித்தே எழுதுகிறார்.

இங்கே இரத்தின வணிகரும் துப்பாக்கி தொகுப்போரும் பிரிகிற இடம் ஒன்று உண்டு. கல்லைப் பட்டை தீட்டினால் விலை ஏறும். ரிவோல்வரைத் தீட்டினால் விலை இறங்கும். அழுக்காகத் தோன்றும் பழுப்பு நிறப் படலம் நூறாண்டு வயதின் அடையாளம். அதனைச் சுரண்டிச் சாணைபிடித்து, நிக்கல் பூசிப் பளபளப்பாக்கினால், முத்திரையும் இலக்கமும் செதுக்குக் காட்சியும் கரைந்துபோகும். சாட்சியின் நாக்கை அறுத்ததற்கு ஒப்பாகும். செய்யத்தக்கவை சிலவே. பஞ்சு உறை அணிந்து கையாளுதல், ஏனெனில் விரலின் வியர்வையிலுள்ள உப்பே துருவுக்கு வித்து. மெல்லிய எண்ணெயை மிகச் சிறிதளவு தடவுதல். ஈரப்பதம் மிகுந்த இடங்களில் தோலுறைக்குள் வைத்து மூடாமலிருத்தல். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்பின்மேல் வைத்திருக்கும். கலவான போன்ற மழைநாட்டில் இது மிகவும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இவை யாவற்றிற்கும் முற்பட்ட விதி ஒன்று உண்டு. பழைய துப்பாக்கி எதுவாயினும் அது நிரப்பப்பட்டிருப்பதாகவே கருத வேண்டும். கரிய வெடிமருந்து ஈரமின்றி இருப்பின் நூறாண்டு கழிந்தும் வெடிக்க வல்லது. முன்னோர் நிரப்பி வைத்து மறந்த குண்டு பின்னோரைக் கொல்லக்கூடும். இக்காலத்துத் தோட்டா பழைய அறையில் பொருந்திவிட்டால் அதனினும் ஆபத்து. இன்றைய மருந்தின் அழுத்தத்தைத் தாங்கும் உறுதி அந்நாளைய இரும்புக்கு இல்லை. உருளையே சிதறிச் சுடுபவர் கையைக் கொண்டுபோகும்.

சட்டம் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக இதனைக் கையாளுகிறது. அமெரிக்காவின் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்னரோ செய்யப்பட்டவை பழம்பொருள்களாகக் கருதப்படுகின்றன. இந்தியாவின் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், தொன்மை மதிப்புள்ள துப்பாக்கிகளுக்கு விலக்களிக்கிறது. ஆயின், பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட இயலாதனவாக அவை இருத்தல் வேண்டும். பிரித்தானியாவில், வழக்கொழிந்த அளவிலான தோட்டாவைத் தனியே செய்து, பழம்பொருளாக வாங்கிய ரிவோல்வர்களில் இட்டுக் குற்றம் புரிந்த வழக்குகள் நிகழ்ந்தன. அதனால் 2021இல் அங்கே எந்தத் துப்பாக்கி பழம்பொருள் என்பதைத் தோட்டாவின் வகைகொண்டு வரையறுத்து விதிகள் இறுக்கப்பட்டன. இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் அடிப்படை. பாட்டனாரின் பெட்டியில் பழைய ரிவோல்வரைக் காண்பவர், அதனைத் தொட்டுப் பாராமல் அதிகாரிகளுக்கு அறிவிப்பதே முறை. அதன் வரலாற்று மதிப்பை அதற்குப் பின்னரும் ஆராயலாம்.

வயது முதிர்ந்ததால் மட்டும் ஒரு துப்பாக்கி பழம்பொருள் ஆகிவிடுவதில்லை. அது சுடும் ஆற்றலை விட்டு, பதிவேட்டில் ஏறி, பலர் காணும் இடத்திற்கு வந்த பின்பே வரலாற்றுப் பொருளாகிறது. மறைத்து வைக்கும்வரை அது ஆயுதமே. கண்டியிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கொள்ளையாகக் கொண்டுசென்ற லெவ்கே திசாவையின் பீரங்கியும், இரண்டு பெருந்துப்பாக்கிகளும், அரச வாள்களும் பலகாலம் அம்ஸ்ரர்டாம் அரும்பொருளகத்தில் இருந்தன. அவை எப்படி அங்கு வந்தன என்பதை இரு நாட்டு ஆராய்ச்சியாளரும் ஏடுகளைத் துருவி நிறுவினர். அதன் பயனாக 2023 டிசம்பரில் அவை கொழும்புத் தேசிய அரும்பொருளகத்திற்குத் திரும்பின. பொருளின் பிறப்பையும் பயணத்தையும் நேர்மையாக எழுதியதே ஒரு நாட்டிற்கு அதன் உடைமையை மீட்டுத் தந்தது.

உத்துவன்கந்தைக் கதையில் மக்கள் பெரிதும் நினைப்பது சரதியலை. கொள்ளையன் பெயர் பாட்டில் நிலைக்கிறது. சுடப்பட்டவர் பெயர் பொலிசாரின் நினைவு நாளில் மட்டும் ஒலிக்கிறது. பழைய ரிவோல்வரைக் கையிலெடுத்து அதன் செதுக்கு வேலையையும் தந்தப் பிடியையும் வியப்பவர், அக்குழலின் மறுமுனையில் எப்போதேனும் ஒரு மனிதன் நின்றிருக்கக்கூடும் என்பதையும் நினைவிற் கொள்ளுதல் நலம். நேர்மையான தொகுப்பாளரின் குறிப்பேட்டில், செய்தவர் பெயருக்கும் வைத்திருந்தவர் பெயருக்கும் பக்கத்தில், அறியவந்தால், அதனால் வீழ்ந்தவர் பெயருக்கும் ஓர் இடம் இருக்கும்.

கலவானவில் கல் வாங்கும் வணிகர் ஒளி மங்கிய மாலையில் விலை பேசத் தயங்குவார். “காலையில் பார்ப்போம்” என்று கல்லை உடையவரிடமே திருப்பிக் கொடுப்பார். பழைய துப்பாக்கியோடு வரும் பழைய கதைக்கும் அந்தக் காலை வெளிச்சம் தேவை.